புத்தகம் வாங்கும் முன் ரிவ்யூவை எவ்வளவு நம்பலாம்? சேலத்து வாசகருக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் தமிழ்ப் புத்தகங்களைக் கையில் எடுத்து, புரட்டி, முகர்ந்து பார்த்து வாங்க வருடத்தில் சில நாட்கள்தான் தாராளமாக வாய்க்கின்றன. மாவட்டப் புத்தகத் திருவிழா முடிந்ததும் நம்மில் பலர் போனுக்குத் திரும்பிவிடுகிறோம். அட்டைப் படத்தைப் பார்க்கிறோம், கீழே நாலு பேர் எழுதியதைப் படிக்கிறோம், பணத்தைக் கட்டிவிடுகிறோம். அந்த நாலு பேர் யார், எதை வைத்துச் சொன்னார்கள் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

அஸ்தம்பட்டிப் பக்கம் நாங்கள் சில பேர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டுப் பொதுவில் புத்தகம் வாங்கிச் சுற்றில் விடுகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி, ஏற்காட்டில் காபித் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் ஒருவர். இத்தனை விதமான ஆட்களுக்கும் ஒத்துவருகிற மாதிரி புத்தகம் பொறுக்க வேண்டும் என்பதால் ரிவ்யூ படிப்பதற்கே ஒரு முறை வைத்துக்கொண்டோம். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அடிப்படை இதுதான். எந்த ரிவ்யூவிலும் தகவலும் தீர்ப்பும் கலந்தே இருக்கும். "எழுத்து பொடியாக இருக்கிறது", "பொருளடைவு இல்லை", "பாதிக் கதை கடிதங்களாகவே போகிறது" என்பவை தகவல். "அருமை", "நேர விரயம்" என்பவை தீர்ப்பு. தகவலை யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பை, சொன்னவரின் ருசி தெரிந்தால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: எந்த மாதிரிப் புத்தகம் என்று முதலில் பிரியுங்கள்

எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அளவு நம்பிக்கை சரிவராது.

போட்டித் தேர்வு கைடு என்றால் ரிவ்யூவை நன்றாகவே நம்பலாம், தேதியைப் பார்த்துவிட்டு. விடைக் குறிப்பில் தப்பு, பழைய பாடத்திட்டம், பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் "சூப்பர் புக்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் தாண்டிப் போங்கள். "இதைப் படித்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது" என்பதற்கும் பெரிய மதிப்பு இல்லை. அவர் கூடவே பள்ளிப் பாடநூலும் படித்திருப்பார், பழைய வினாத்தாளும் போட்டுப் பார்த்திருப்பார். எது வேலை வாங்கிக் கொடுத்தது என்று அவருக்கே தெரியாது.

விவசாயம், சமையல், உடற்பயிற்சி போன்ற செய்முறைப் புத்தகங்களில், எழுதியவர் செய்து பார்த்தாரா என்பதுதான் கேள்வி. எங்கள் ஏற்காட்டு நண்பர் காபி, மிளகு பற்றிய புத்தகங்களுக்கு வரும் ரிவ்யூக்களைப் பார்த்தாலே சிரிப்பார். அரபிக்கா செடி வைத்தால் முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு வருடம் ஆகும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். புத்தகம் வந்து ஒரு வாரத்தில் "மிகவும் பயனுள்ளது" என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர் எதை வைத்துச் சொன்னார்? நடை புரிகிறது, படங்கள் தெளிவாக இருக்கின்றன என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். சமையல் புத்தகம் என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்த்துவிடலாம். "உப்பு அளவு கூடுதல்" என்று ஒருவர் எழுதினால் அது பொன் போன்ற ரிவ்யூ.

குழந்தைப் புத்தகத்துக்கு ரிவ்யூவில் குழந்தையின் வயது இருக்க வேண்டும். வயது இல்லையென்றால் அது பெரியவரின் ரிவ்யூ.

நாவல், சிறுகதை, கவிதையில் தீர்ப்பை நம்புவது மிகக் குறைவாக இருக்கட்டும். இனி வரும் படிகளில் பெரும்பாலானவை இவற்றுக்காகத்தான்.

படி 2: சராசரியைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்

பிரபல ஆங்கில நாவலுக்கு ஆயிரக்கணக்கில் ரேட்டிங் இருக்கும். தமிழில் நல்ல நாவலுக்கே ஆறு, ஏழு ரிவ்யூதான் இருக்கும். இந்த இடத்தில் சராசரி என்பது சும்மா ஒரு எண். ஐந்து பேர் 5, ஒருவர் 4 போட்டால் சராசரி 4.8. ஏழாவதாக ஒருவர் வந்து, கூரியர்காரர் மேல் இருந்த கோபத்தில் 1 போட்டால் அது 4.3-க்கு இறங்கிவிடும். புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதுவே 200 பேர் சேர்ந்து 4.1 கொடுத்த புத்தகமாக இருந்தால், அந்த ஒரு கோபக்காரரால் அசைக்க முடியாது. எங்கள் குழுவில், இருபதுக்குக் கீழே ரேட்டிங் இருந்தால் சராசரியைப் பேச்சுக்கே எடுப்பதில்லை.

அமேசானில் தெரிகிற எண் நேரடிச் சராசரியும் கிடையாது. ரேட்டிங் எவ்வளவு புதிது, போட்டவர் அங்கே வாங்கினாரா என்பதையெல்லாம் சேர்த்து அவர்கள் கணக்கிடுகிறார்கள். வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரமும் ரிவ்யூவும் போடும் குட்ரீட்ஸ் தளம் 2013 முதல் அமேசான் கையில்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கே அளவுகோல் வேறு. அங்கே 2 நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை', 3 என்றால் 'பிடித்திருந்தது' என்று பொருள். அமேசானில் 3 போடுகிறவர் பெரும்பாலும் குறை சொல்லத்தான் வருகிறார். அதனால் குட்ரீட்ஸில் 3.8, அமேசானில் 4.4 என்று பார்த்துவிட்டு ஒன்று மோசம், ஒன்று நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

நட்சத்திரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் பட்டைகளையும் பாருங்கள். 5-லும் 1-லும் கூட்டம், நடுவில் காலி என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். புத்தகம் ஆட்களைப் பிரிக்கிற புத்தகம். அல்லது, சுமாராகப் பிடித்தவர்கள் எழுத மெனக்கெடவில்லை. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கடுப்பானவரும்தானே உட்கார்ந்து எழுதுவார்கள்.

படி 3: எந்தப் பதிப்புக்கு எழுதியது?

தமிழில் இதுதான் பெரிய தலைவலி. பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் ஐந்து பாகங்களையும் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஒன்றில் பெரிய எழுத்து, ஒன்றில் ஓவியங்கள், ஒன்றில் எல்லாம் ஒரே கட்டாக. ஆன்லைன் கடைகளில் கெட்டி அட்டை, சாதா அட்டை, கிண்டில் மின்நூல் எல்லாவற்றின் ரிவ்யூவும் ஒரே குவியலாகத் தெரிவது உண்டு. "எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை" என்று அழுதவர் நீங்கள் வாங்கப்போகும் பதிப்பை வாங்கியவரா என்று பாருங்கள். பதிப்பகத்தின் பெயர், பக்க எண்ணிக்கை, 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் போதும்.

மொழிபெயர்ப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூலத்தைப் புகழ்ந்து எழுதிய ரிவ்யூவுக்கும் தமிழாக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லி, ஒரு வரியையாவது எடுத்துக்காட்டியிருக்கிறாரா என்று தேடுங்கள்.

கூடவே, டெலிவரிப் புகார்களை மனதுக்குள் தள்ளிவைத்துவிடுங்கள். அட்டை மடங்கி வந்தது, மழையில் நனைந்தது என்பவை கடைக்குப் போட வேண்டிய மார்க்.

படி 4: யார், எப்போது எழுதினார்?

புத்தகம் வெளிவந்த முதல் சில வாரங்களின் ரிவ்யூக்களைத் தனியாகப் பாருங்கள். அமேசான் புத்தக ரிவ்யூக்களை வைத்து லீ, ஹிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முதலில் வாங்குகிறவர்கள் பின்னால் வருகிறவர்களைவிட உயர்வாக மதிப்பிடும் போக்கு தெரிந்தது. ஏமாற்று என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த எழுத்தாளரை ஏற்கெனவே பிடித்தவர்கள்தான் முதல் நாளே ஓடிப்போய் வாங்குகிறார்கள். அவர்கள் ருசி வேறு, சும்மா எட்டிப் பார்க்க வந்த நம் ருசி வேறு.

தமிழில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எழுத்துலகம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். வெளியீட்டு விழாவில் மேடையில் இருந்தவர், அடுத்த வாரம் ரிவ்யூவில் இருப்பார். இது புது வழக்கமும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலே, என்னதான் சாதித்தாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, நூலைப் புகழ்ந்து முன்னால் வரும் சிறப்புப் பாயிரத்தைப் பாடத் தகுந்தவர்கள் என்று நால்வரைக் காட்டுகிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர். நாலில் மூன்று பேர் சொந்த வட்டம்! நன்னூல் எழுதிய பவணந்தியார் காலத்து வாசகருக்கு அது தெரிந்தே இருந்தது, பாயிரம் யார் பாடியது என்பதும் கூடவே வந்தது. இன்றைக்கு அந்த உறவு மட்டும் மறைந்துபோகிறது. அதனால் ரிவ்யூ எழுதியவரின் பெயரைத் தட்டி, வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு ரிவ்யூ என்றால் உடன் படித்தவராக இருக்கலாம். ஒரே பதிப்பகத்துக்கு மட்டும் வரிசையாக ஐந்து நட்சத்திரம் என்றாலும் யோசியுங்கள்.

இதே தேடலில் ஒரு லாபமும் உண்டு. உங்களுக்குப் பிடித்த மூன்று நாவல்கள் அவருக்கும் பிடித்திருந்தால் அவரைக் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்றையும் கழுவி ஊற்றியிருந்தால் அவரையும் குறித்து வையுங்கள். அவர் திட்டினால் வாங்கிவிடலாம். எங்கள் ஆசிரியைக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், "மெதுவாகப் போகிறது" என்று அவர் அலுத்துக்கொண்ட புத்தகம் எதுவும் டீச்சரை ஏமாற்றியதில்லை.

படி 5: வரிக்கு வரி பிரித்துப் படியுங்கள்

இரண்டு ரிவ்யூக்களை மாதிரிக்கு எழுதிப் பார்ப்போம்.

முதலாவது, 5 நட்சத்திரம்: "நெஞ்சை உருக்கிய படைப்பு. ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டிய நூல். ஆசிரியருக்கு வாழ்த்துகள். தொடர்ந்து எழுதுங்கள்."

இதில் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பாத்திரம் இல்லை, ஊர் இல்லை, சம்பவம் இல்லை. எந்தப் புத்தகத்தின் கீழே ஒட்டினாலும் ஒட்டும். கடைசி இரண்டு வரிகள் எழுத்தாளரிடம் பேசுகின்றன, வாங்கப்போகிற நம்மிடம் பேசவில்லை. தமிழில் வருகிற ரிவ்யூக்களில் இந்த வகை ஏராளம்.

இரண்டாவது, 2 நட்சத்திரம்: "முதல் நூறு பக்கம் தறிக்குழியும் நூல் விலையும்தான். பேச்சு மொழி சேலம் பக்கத்து வழக்கு, சென்னைக்காரனான எனக்குப் பாதி புரியவில்லை. அப்பா இறந்த பிறகுதான் கதை நகர்கிறது."

தீர்ப்பு மோசம், தகவல் ஏராளம். நெசவாளர் வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது, நம்ம ஊர்ப் பேச்சு இருக்கிறது, வேகம் எந்த இடத்தில் மாறுகிறது என்றுகூடச் சொல்லிவிட்டார். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு இந்த 2 நட்சத்திரம் ஒரு அழைப்பிதழ். மர்மக் கதை தேடுகிறவருக்கு அதே ரிவ்யூ எச்சரிக்கைப் பலகை. இரண்டு பேருக்கும் பயன்பட்டுவிட்டது.

இதை ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது பட்டறை அண்ணன் சொன்னார்: "கொலுசு பளபளன்னு இருக்குன்னு யாராவது வாங்குவாங்களா? டச், அதான் வெள்ளியோட சுத்தம், எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. இவங்க பளபளப்பை மட்டும் எழுதி வச்சிருக்காங்க." தம்பி விடவில்லை: "அண்ணா, அந்த டச்சைத்தான் ரெண்டாவது ஆளு திட்டிக்கிட்டே சொல்லிட்டாரே!"

படிக்கும் வரிசையும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். முதலில் 3 நட்சத்திரம், பிறகு 2, பிறகு 4. பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இந்த நடுவில்தான் இருக்கிறார்கள். 1-ஐயும் 5-ஐயும் நேரமிருந்தால் பார்க்கலாம். ஒரே குறையை, தொடர்பில்லாத மூன்று பேர், வேறு வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தால் அது புத்தகத்தின் குறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: போலியும் படையெடுப்பும்

பொய் ரிவ்யூ உண்டு. 2004-ல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறால், பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் வெளியே தெரிந்தன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே புகழ்ந்திருந்த எழுத்தாளர்கள் அதில் மாட்டினார்கள். 2010-ல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபிகெஸ், தன் நூல்களைப் புகழ்ந்தும் போட்டியாளர்களை மட்டம் தட்டியும் புனைபெயரில் எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கிண்டிலில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய அமெரிக்க நாவலாசிரியர் ஜான் லாக் காசு கொடுத்து ரிவ்யூ வாங்கியது 2012-ல் வெளியானது.

இந்தியாவில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்ததுதான். அமெரிக்கா 2024-ல் போலி ரிவ்யூவை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்து விதி போட்டது. சட்டம் வரும்போது வரட்டும், நாம் பார்க்க வேண்டியது சிலவே: ஒரே வாரத்தில் கொத்தாக வந்தவை, ஒரே மாதிரிச் சொற்றொடர், அட்டையின் பின்பக்க வாசகத்தையே திருப்பிச் சொல்வது. 'வாங்கியவர்' என்ற முத்திரை இருந்தால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம். ஆனால் அது வாங்கினார் என்பதற்குத்தான் அத்தாட்சி. படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

எதிர்ப்பக்கப் படையெடுப்பும் இருக்கிறது. குட்ரீட்ஸில் வெளிவராத புத்தகத்துக்கும் நட்சத்திரம் போட முடியும். 2023-ல், உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தன் அடுத்த நாவலை அறிவித்ததும், கதை ரஷ்யாவில் நடக்கிறது என்பதற்காகவே 1 நட்சத்திரங்கள் குவிந்தன. அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். அத்தனை பேரில் புத்தகத்தைப் படித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அவ்வளவு தூரம் போவானேன், 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டிலேயே பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டம் நமக்குத் தெரியும். எதிர்த்தவர்கள் கையில் புத்தகத்தைவிடச் சில பக்கங்களின் நகல்தான் அதிகம் சுற்றியது. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம், படிப்பதா வேண்டாமா என்பது வாசகரின் விருப்பம் என்று சொல்லி எழுத்தாளர் பக்கம் நின்றது. ஒரு புத்தகத்தைச் சுற்றி ஊரே கொதிக்கிறது என்றால், அந்த நாட்களின் ரிவ்யூக்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு அதற்கு முன்னால் எழுதியவற்றைத் தேடுங்கள்.

யூடியூப், இன்ஸ்டாகிராம் பேச்சுக்கு ஒரே வரி: புத்தகம் இலவசமாக வந்ததா என்பதைச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

படி 7: விருது, சினிமா வந்தால் தேதியைப் பிரியுங்கள்

விருது கிடைத்ததும் ரேட்டிங் ஏறும் என்றுதானே நினைப்போம்? கோவாச், ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் குட்ரீட்ஸை வைத்துச் செய்த ஆய்வில், பரிசு பெற்ற புத்தகங்களின் மதிப்பீடு, இறுதிப் பட்டியலோடு நின்றுவிட்டவற்றைவிட அதிகமாக இறங்கியது. பரிசு என்றதும், இயல்பாக அந்தப் பக்கம் போகாதவர்களும் வாங்கிப் பார்க்கிறார்கள், பிடிக்காமல் போகிறது. சாகித்திய அகாதெமி விருது அறிவித்த பிறகு வரும் "இதற்கா விருது?" வகை ரிவ்யூக்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். சினிமாவும் அப்படித்தான். பொன்னியின் செல்வன் முதல் படம் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் எழுதியவர் வேறு ரகம், படம் பார்த்துவிட்டு வந்தவர் வேறு ரகம். நீங்கள் எந்த ரகமோ அந்தக் காலத்து ரிவ்யூவைப் படியுங்கள்.

படி 8: கடைசி வார்த்தை பக்கங்களுக்கு

இவ்வளவும் செய்தபின் மூன்று நாலு புத்தகம் மிஞ்சும். அவற்றை நேரில் பாருங்கள். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை படிக்கலாம். ஏற்காடு போகிறவர்கள் கீழேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் சிக்னலை நம்ப முடியாது, பஸ்ஸில் படித்தால் தலையும் சுற்றும்.

புத்தகத் திருவிழாவில் வழக்கமான பத்து சதவீதக் கழிவைவிட நின்று படிக்கக் கிடைக்கும் நேரம்தான் பெரிய சலுகை. முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள், எல்லா எழுத்தாளரும் அதை இழைத்து இழைத்து வைத்திருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் திறந்து, ஒரு உரையாடலும் ஒரு விவரிப்புப் பத்தியும் படியுங்கள். தொடர்ந்து நாலு பக்கம் தானாகப் போனால் வாங்கலாம்.

நூலகத்தையும் மறக்க வேண்டாம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன கூச்சம்? மாவட்ட மைய நூலகத்தில் அந்த எழுத்தாளரின் பழைய புத்தகம் ஒன்று இருந்தாலே போதும், புதியதை வாங்குவதா என்று தெரிந்துவிடும். அடிக்கடி கைமாறி முனை தேய்ந்த பிரதிகளும் ஒருவகை ரிவ்யூதான், அதைப் பொய்யாக எழுத முடியாது.

படி 9: உங்கள் கணக்கை எழுதி வையுங்கள்

படித்து முடித்ததும், மற்றவர்கள் சொன்னதைத் திரும்பப் பார்க்கும் முன், ஒரு நோட்டில் உங்கள் மதிப்பை எழுதிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். மற்றவர் போட்ட மதிப்பெண் நம் மனதை இழுக்கும். 2013-ல் ஒரு செய்தித் தளத்தில் நடத்திய சோதனையில், வாசகர் கருத்துகளுக்குச் சும்மா ஒரு ஆதரவு வாக்கைப் போட்டு வைத்தபோது அவற்றின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. நோட்டில் எழுதியபின், நீங்கள் நம்பி வாங்கிய ரிவ்யூவோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனதா இல்லையா என்று பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். பத்துப் பதினைந்து புத்தகம் ஆனதும் யார் சொன்னால் உங்களுக்குப் பலிக்கிறது என்பது தெரியவரும்.

அப்புறம், நீங்களும் ஒன்று எழுதுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு ஏழாவது ரிவ்யூ எவ்வளவு கனம் என்று மேலே பார்த்தோமே. எந்தப் பதிப்பகம், எந்த ஆண்டுப் பதிப்பு, எழுத்து அளவு எப்படி, எந்தப் பக்கத்தில் அலுத்தது, எந்த மாதிரி ஆளுக்குப் பிடிக்கும் என்று ஐந்து வரி போதும். எழுதியவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் "இவர் என் காலேஜ் சீனியர்" என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டு, மற்றதைத் தாராளமாகப் புகழலாம்.